நெற்றியில் வெட்டு: தையலா, பிளாஸ்திரியா?

கேள்வி: எங்கள் 3½ வயது மகள் போன மாதம் ஓடிவந்த வேகத்தில் டீவி ஸ்டாண்டின் முனையில் மோதிக்கொண்டாள். புருவத்துக்கு மேலே ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குக் கிழிந்துவிட்டது. முகமெல்லாம் ரத்தம். என் மாமியார் காப்பித்தூளை அப்பினார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. "தையல் போட்டால் தழும்பு விழும், பெண் பிள்ளை" என்று எல்லோரும் சொன்னதால் பிளாஸ்திரி மட்டும் ஒட்டினோம். காயம் ஆறிவிட்டது. ஆனால் கோடாக இல்லாமல் நெல்மணி அகலத்துக்குச் சிவந்து தெரிகிறது. தையல் போட்டிருக்க வேண்டுமா? இனி இப்படி நடந்தால் எப்படி முடிவு செய்வது? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், ஆமாம், மூன்று தையலோ கொஞ்சம் மருத்துவப் பசையோ போட்டிருந்தால் கோடு இன்னும் மெல்லியதாக அமைந்திருக்கும். நெல்மணி அகலத்துக்கு ஆறியிருக்கிறது என்றால், ஆறிய நாட்களில் இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று தொடாமலே இருந்திருக்கின்றன. நடுவிலிருந்த இடைவெளியை உடம்பு தழும்புத் தசையால் நிரப்பிக்கொண்டது. இதில் உங்கள் மேல் பெரிய தப்பு எதுவும் இல்லை. இந்த முடிவை எடுக்கும்போது வீட்டில் எல்லோரும் பார்ப்பது ரத்தத்தையும் நீளத்தையும். பார்க்க வேண்டியது அது இரண்டுமே இல்லை.

முதலில் அந்தத் தழும்புக் கதையை முடித்துவிடுவோம். தழும்பு வெட்டுக்காயத்தால் வருவது, தையலால் வருவது இல்லை. தோலின் முழுக் கனத்துக்கும் இறங்கிய எந்த வெட்டும், தைத்தாலும் தைக்காவிட்டாலும், தழும்பு விட்டே தீரும். அது மெல்லிய கோடா, அகலமான பட்டையா என்பதுதான் நம் கையில் இருக்கிறது. அப்படியானால் தாத்தா காலத்துத் தழும்புகளில் பூரான் கால் மாதிரி இருபக்கமும் புள்ளிகள் தெரிகின்றனவே? கனமான நூலில் இறுக்கித் தைத்து, பத்து நாள் பன்னிரண்டு நாள் பிரிக்காமல் விட்டதால் வந்தவை அவை. இன்று குழந்தையின் முகத்துக்கு மருத்துவர்களாகிய நாங்கள் எடுக்கும் நூல் கிட்டத்தட்ட தலைமுடி கனம்தான். 5-ஆம் நாள் வாக்கில் பிரித்துவிடுவோம். ஒரு வாரத்துக்கு மேல் முகத்தில் நூலை விட்டால்தான் பூரான் கால் முளைக்கும். (பெண் பிள்ளை என்பதால் தையல் வேண்டாம் என்பவர்கள், ஆண் பிள்ளை என்றால் "விடுங்க, ஆம்பளப் பையன்தானே" என்று அதே தையலை வேண்டாம் என்கிறார்கள். இருவருக்கும் இருப்பது ஒரே தோல்தான்.)

ரத்தத்துக்கு வருவோம். முகத்திலும் தலையிலும் ரத்த ஓட்டம் அதிகம். சின்னக் கீறலுக்கே சட்டை நனையும். அதைப் பார்த்து ஆழத்தைக் கணக்குப் போடாதீர்கள். சுத்தமான துணியை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே "நின்னுச்சா?" என்று எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஒவ்வொரு தடவையும் உறைந்தது பிய்ந்துகொண்டு முதலிலிருந்து தொடங்கும். இன்னொரு 10 நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் யோசிக்க வேண்டாம், அழுத்தியபடியே கிளம்புங்கள். இதே ரத்த ஓட்டத்தால்தான் முகத்துக் காயம் சீக்கிரம் ஆறுகிறது, சீழும் குறைவாகப் பிடிக்கிறது.

நின்றதும் கழுவுங்கள். குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரே போதும், மெல்ல ஓடவிட்டுக் கழுவலாம். டெட்டாலை அப்படியே ஊற்றினால் கிருமியோடு சேர்ந்து நல்ல தோலும் வெந்துபோகும். பஞ்சு வேண்டாம், நார் உள்ளே ஒட்டிக்கொள்ளும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, வெங்காயச் சாறு எதுவும் வேண்டாம். மாமியாரைக் குறை சொல்லவில்லை, அவர்கள் பார்த்து வளர்ந்தது அது. ஆனால் காப்பித்தூள் அப்பிய காயத்தோடு பிள்ளை வந்தால், தைப்பதற்கு முன் அதை ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுக்கவே எங்களுக்கு அரைமணி நேரம் போகிறது. பிள்ளை அலறுவது பெரும்பாலும் அந்த அரைமணிக்குத்தான். தார் ரோட்டில் விழுந்த காயமென்றால் இன்னும் கவனம் வேண்டும். கருந்துகள் உள்ளே தங்கி ஆறினால் பச்சை குத்தியதுபோல அப்படியே நின்றுவிடும்.

கழுவிய பிறகுதான் பார்க்கவே முடியும். பிள்ளையை மடியில் உட்காரவைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், செல்போன் டார்ச் போதும். அமைதியாக இருக்கும்போது இரண்டு விளிம்பும் தானாக ஒட்டி நிற்கின்றனவா? சரி, இப்போது முகம் அசையட்டும். புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள், சிரிக்க வையுங்கள். மூன்று வயதுக்காரர்கள் சொன்னபடி செய்ய மாட்டார்கள், ஆனால் அழுவார்கள். அழுகிற முகத்தைவிட நல்ல சோதனை கிடையாது. நெற்றி சுருங்கி விரியும்போது காயம் மீன் வாய் மாதிரி திறந்து மூடுகிறது என்றால் பிளாஸ்திரி அதைப் பிடித்து நிறுத்தாது. திறந்த வாய்க்குள் வெளிர்மஞ்சளாகச் சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்தால் அது கொழுப்பு, தோல் முழுசாகக் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். 2 சென்டிமீட்டர் நீளமாக இருந்தும் மேலோட்டமாகக் கீறி, எப்படி அசைந்தாலும் விளிம்பு பிரியாத காயத்துக்குத் தையல் தேவைப்படாது. அரை சென்டிமீட்டரே இருந்து பிளந்து நிற்கும் காயத்துக்குத் தேவைப்படும்.

வெட்டு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் ஒரு கணக்கு. 1861-இல் ஆஸ்திரிய உடற்கூற்றியல் அறிஞர் கார்ல் லாங்கர் உருண்டையான கூர்முனையால் பிணங்களின் தோலைக் குத்திப் பார்த்தார். துளை வட்டமாக இருக்காமல் ஒரு பக்கமாக நீண்டு பிளவானது. தோலுக்கும் துணிபோல இழை ஓடும் ஒரு திசை இருக்கிறது. நெற்றியில் சுருக்கம் விழும் திசையில், குறுக்காக ஓடும் வெட்டு ஓரளவு தானே மூடிக்கொள்ளும், பிறகு சுருக்கத்தோடு மறைந்தும் போகும். மேலிருந்து கீழாக ஓடும் வெட்டு இழுத்துக்கொண்டே இருக்கும்.

சில இடங்களில் மேலே சொன்ன சோதனையே வேண்டாம், நேராகக் காட்டிவிட வேண்டும். உதட்டின் சிவப்பும் தோலும் சந்திக்கும் விளிம்பு அதில் முதலாவது. அங்கே 1 மில்லிமீட்டர் ஏற இறங்கச் சேர்ந்தாலும் எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்குத் தெரியும். அதனால்தான் நாங்கள் மரத்துப்போகும் ஊசி போடும் முன்பே அந்தக் கோட்டில் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்வோம். ஊசி போட்டதும் உதடு வீங்கிக் கோடு மறைந்துவிடும். முதல் தையல் அந்தப் புள்ளியில்தான். உதடு கிழிந்து, பல்லும் உடைந்திருந்தால், உடைந்த துண்டைத் தேடுங்கள். தரையில் கிடைக்காத துண்டு சில சமயம் உதட்டுக்குள்ளேயே இருக்கும். இமையில், அதிலும் மூக்கை ஒட்டிய ஓரத்தில் வெட்டு என்றால் கண்ணீர் போகும் குழாய் அறுந்திருக்கலாம், கண் மருத்துவர் பார்க்க வேண்டும். காதில் வெள்ளையாகக் குருத்தெலும்பு தெரிந்தாலும், மூக்கில் அடிபட்ட பிறகு துவாரத்துக்குள் ஊதா நிறத்தில் வீங்கியிருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். கன்னத்தில் ஆழமான வெட்டு என்றால் பிள்ளையை ஈ என்று பல்லைக் காட்டச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினால் நரம்பில் பட்டிருக்கிறது. புருவத்தில் பட்டால் முடியை மட்டும் மழிக்காதீர்கள், யாரையும் மழிக்கவும் விடாதீர்கள். புருவ முடிதான் எங்களுக்கு அடையாளக் கோடு. வாய்க்குள்ளும் நாக்கிலும் படும் சின்னக் கீறல்கள் பெரும்பாலும் தானே ஆறிவிடும்.

மோவாய் என் சொந்த அனுபவம். என் மகன் குளியலறையில் வழுக்கி விழுந்து மோவாய்க்கு அடியில் கிழித்துக்கொண்டான். நான் மருத்துவன்தானே என்ற மிதப்பில், வீட்டிலிருந்த ஒட்டுப்பட்டைகளை (காயத்தின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய பட்டைகள்) குறுக்கே இழுத்து ஒட்டிவிட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் பிள்ளை முறுக்கைக் கடித்தான். பட்டை ஒரு பக்கம், மோவாய் ஒரு பக்கம். நண்பர் ஒருவர் மறுநாள் தைத்தார், என் மனைவி இன்றுவரை நினைவூட்டுகிறார். மோவாய் நாள் முழுக்க அசைகிற இடம். அங்கே பிளந்தால் பட்டையை நம்பாதீர்கள். இன்னொன்று, மோவாயில் வாங்கிய அடி தாடை வழியாகப் போய்க் காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டில் இறங்கும். காதுக்கு முன்னால் விரலால் அழுத்தினால் வலிக்கிறதா, வாயை முழுசாகத் திறக்கிறானா, பல்வரிசை முன்போலவே சேர்கிறதா என்று பார்க்காமல் வெறும் தோலைத் தைத்து அனுப்பக் கூடாது.

நேரம்? ரத்தம் நின்று பிள்ளை தெளிவாக இருந்தால் நடுராத்திரியில் அலற வேண்டியதில்லை. 6 முதல் 8 மணி நேரத்துக்குள் காட்டுவது நல்லது. சுத்தமான முகத்துக் காயத்தை 24 மணி நேரம் வரைகூட மூட முடியும். நாலாவது நாள் வந்து "இப்போ தைச்சுருங்க" என்றால் கை விரிக்க வேண்டியதுதான். போகும் வழியில் அழுகையை நிறுத்தப் பிஸ்கட், பால் எதுவும் கொடுக்காதீர்கள். மயக்கம் கொடுத்துத் தைக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். கொடுத்துவிட்டால் எப்போது, எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள்.

அங்கே போனால் எல்லாவற்றுக்கும் ஊசி நூல்தான் என்பதில்லை. இழுப்பு இல்லாத சின்ன வெட்டுக்கு ஒட்டுப்பட்டை. நேரான, விளிம்பு சுலபமாகச் சேர்கிற வெட்டுக்கு மருத்துவப் பசை. அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்ற பொருள் இது. விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து மேலே பூசி அரை நிமிடம் காத்திருந்தால் போதும், 5 முதல் 10 நாளில் தானே உரிந்துவிடும். தழும்பின் அழகில் தையலுக்குப் பெரிதாகக் குறைவதில்லை, பிரிந்துகொள்ளும் வாய்ப்பு மட்டும் தையலைவிடக் கொஞ்சம் கூடுதல். அதன்மேல் வாஸ்லைனோ களிம்போ தடவினால் கரைந்துவிடும். ஃபெவிக்விக்கும் இதே குடும்பம்தான் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். குடும்பம் ஒன்றுதான், ஆனால் அது சூடாகிச் சதையைக் காயப்படுத்தும். வீட்டில் செய்யாதீர்கள். மீதிக்குத்தான் தையல். ஊசி போடும் முன் மேலே தடவி மரக்கவைக்கும் ஜெல் இருக்கிறதா என்று கேட்கலாம், கேட்பதில் கூச்சம் வேண்டாம். பிளாஸ்டிக் சர்ஜன்தான் தைக்க வேண்டுமா என்றும் பலர் கேட்கிறார்கள். இமை, உதட்டு விளிம்பு, கன்ன நரம்பு, சதை பிய்ந்துபோன காயம் இவற்றுக்கு ஆமாம். நெற்றியில் நேரான வெட்டுக்கு, அவசரப்படாத எந்த மருத்துவரும் போதும்.

"டிடி போட்டாச்சா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள், டெட்டனஸ் ஊசியைத்தான். 6, 10, 14 வாரங்களிலும் ஒன்றரை வயதிலும் போட வேண்டியதைப் போட்டிருந்தால் உங்கள் மகளுக்கு இந்தக் காயத்துக்காகத் தனியாக டிடி தேவையில்லை. தடுப்பூசி அட்டையை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். நாய் கடித்த காயம் வேறு வழக்கு. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை. முகத்தில் ரத்தம் வரக் கடித்திருந்தால் வெறிநாய்த் தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளேயே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து ஊசியும் வேண்டும். அதைப் போடாமல் தைக்கவே கூடாது.

மோதிய வேகத்தில் தலைக்குள் அடிபட்டிருக்கிறதா என்பது தையலைவிட முக்கியம். நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர், இவற்றில் ஏதாவது இருந்தால் வெட்டை மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் மகளின் தழும்பு. ஒரு மாதத்தில் சிவந்து, லேசாகத் தடித்துத் தெரிவது இயல்பு. தழும்பு முதிர்ந்து நிறம் இறங்க ஒரு வருடம் வரை ஆகும். இப்போதைக்கு அதை யாரிடமும் காட்டிச் சரிசெய்ய வேண்டாம். தினமும் இரண்டு வேளை வாஸ்லைனோ சிலிக்கோன் ஜெல்லோ தொட்டு விரல் நுனியால் அழுத்தி ஐந்து நிமிடம் தேய்த்துவிடுங்கள். வெயிலில் போகும்போது தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும், புதுத் தழும்பு வெயில் பட்டால் கறுத்துவிடும். இன்றைக்கு ஒரு போட்டோ, மாதம் ஒன்று, அதே ஜன்னல் வெளிச்சத்தில். நேரில் தினம் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, போட்டோவில் தெரியும். பெரிதாகி விளிம்பைத் தாண்டி வளர்ந்தாலோ அரித்தாலோ முன்னதாகவே தோல் மருத்துவரிடம் போங்கள். ஒரு வருடம் கழித்தும் அகலம் உறுத்தினால், பட்டையை வெட்டியெடுத்து மெல்லிய கோடாகத் தைத்துவிட வழி இருக்கிறது. அதற்குள் டீவி ஸ்டாண்டின் நாலு முனைக்கும் ரப்பர் மூடி வாங்கி ஒட்டிவிடுங்கள், ஆன்லைனில் கிடைக்கிறது.