காலை கார்டிசால் 27: பயப்பட வேண்டுமா, மாத்திரை வாங்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36. ஆறேழு மாதமாக விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பகலெல்லாம் அசதி, இடுப்பைச் சுற்றி எடை கூடுகிறது. நானாகவே லேபில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலைப் பார்த்தேன். காலை 8.30 மணிக்கு டெசிலிட்டருக்கு 27 மைக்ரோகிராம், 'அதிகம்' என்று வந்திருக்கிறது. கருத்தடை மாத்திரையும், முடி கொட்டுவதற்காக பயோட்டின் என்ற பி வைட்டமின் 10 மில்லிகிராமும் எடுக்கிறேன். அசுவகந்தா, மெக்னீசியம், பாஸ்பாடிடில்செரின் மூன்றும் வாங்கலாம் என்றிருக்கிறேன். எதை எடுத்தால் குறையும்?

பதில்: முதலில் வாங்குவதை நிறுத்தி வையுங்கள். உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது அந்த 27 இல்லை, போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்த இரண்டு மாத்திரைகள்தான்.

கார்டிசாலின் பெரும்பகுதி இரத்தத்தில் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் போகிறது. வேலை செய்வது ஒட்டாமல் தனியாக இருக்கும் கொஞ்சம் மட்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, கல்லீரலை அந்தப் புரதத்தை நிறையச் செய்ய வைக்கும். லேபில் அளப்பதோ மொத்தத்தை. அதனால் உடம்பில் உண்மையில் எதுவும் மாறாமலே ரிப்போர்ட்டில் எண் நன்றாக ஏறிவிடும். பயோட்டின் கதை வேறு. பல லேப் கருவிகளில் சோதனை முறைக்குள்ளேயே பயோட்டின் ஒரு பாகமாக இருக்கிறது, நீங்கள் விழுங்கியதும் அதோடு கலந்தால் கார்டிசால் பொய்யாகக் கூடுதலாகக் காட்டலாம். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 30 மைக்ரோகிராம்தான், நீங்கள் எடுப்பது அதைப்போல 300 மடங்குக்கும் மேல்!

இது போக, கார்டிசால் காலையில் அதிகமாகத்தான் இருக்க வேண்டும். கண் விழித்த அரை மணி நேரத்தில் இன்னும் ஏறி, பகலில் மெல்ல இறங்கி, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்குப் போகும். நோயால் அது கூடியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், இரவில் இறங்குகிறதா, நாள் முழுக்க மொத்தம் எவ்வளவு, மருந்து கொடுத்தால் அடங்குகிறதா என்பதைத்தான் பார்ப்போம்: இரவு படுக்கும் முன் உமிழ்நீர், 24 மணி நேரச் சிறுநீர், இல்லையென்றால் இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து மறுநாள் காலை இரத்தம். இந்தக் கடைசிச் சோதனையையும் கருத்தடை மாத்திரை குழப்பும், உமிழ்நீரில் தனி கார்டிசாலே வருவதால் அங்கே அந்தத் தொல்லை குறைவு.

சரி, மாத்திரைகளுக்கு வருவோம். மூன்றில் ஓரளவு ஆதாரம் இருப்பது அசுவகந்தாவுக்கு, அதாவது நம் அமுக்கராவுக்கு. சுமார் 8 வாரம், தினம் 240 முதல் 600 மில்லிகிராம் சாரம் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் மன அழுத்தமும் காலை கார்டிசாலும் கொஞ்சம் குறைந்தன. ஆனால் இயல்பாக இருக்கும் கார்டிசாலை இன்னும் இறக்கி என்ன லாபம் என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. மூலிகைதானே என்று நினைக்கவும் வேண்டாம்: அரிதாகக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது, தைராய்டு ஹார்மோனை ஏற்றலாம், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், கர்ப்பத்தில் கூடாது. எடுக்கும்போது சிறுநீர் கறுத்தாலோ, உடம்பு அரித்தாலோ, கண் மஞ்சளானாலோ அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

செல் சவ்வுகளில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருளான பாஸ்பாடிடில்செரினுக்குக் காசு செலவழிக்காதீர்கள். மெக்னீசியம் உடம்பில் குறைவாக இருந்தால் உதவும், அதிகமானால் வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. இன்னொன்று, கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பிக்கு நல்லது என்று 'அட்ரினல் சப்போர்ட்' பெயரில் விற்கும் கலவைகள் பக்கமே போகாதீர்கள். அவற்றில் பலவற்றில் அதிமதுரம் இருக்கும், அது சிறுநீரகத்தில் கார்டிசால் செயலிழப்பதையே தடுத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கிவிடும். கார்டிசாலுக்குப் பயந்து வாங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமில்லாத பொருள் கிடைக்காது.

கார்டிசாலைக் குறைக்கும் உணவு என்று தனியாக ஒன்றும் இல்லை. எடைக்குப் பயந்து பட்டினி கிடந்தால்தான் அது ஏறும். காபியில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், ஆகவே மாலை 5 மணிக் காபியில் பாதியாவது இரவு 10 மணிக்கும் உங்களுக்குள் விழித்திருக்கும். மது குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் கலையும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த 3 மணி விழிப்பைத்தான் பிடித்துக்கொள்வேன். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரம், எழுந்ததும் வெளியே போய்க் கொஞ்சம் வெயில், கடும் உடற்பயிற்சியைப் படுக்கும் நேரத்திலிருந்து தள்ளி வைப்பது, நடுவில் விழித்தால் மணியே பார்க்காமல் இருப்பது. ஒரு மாதம் விடாமல் செய்து பாருங்கள். கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு) மூன்றையும் பார்த்துவிடுங்கள். குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள், ஏனென்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களும் இப்படித்தான் அசந்து கிடப்பார்கள். விடியற்காலை விழிப்போடு எதிலும் பிடிப்பில்லாத மனநிலையும் சேர்ந்திருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடிபடாமலே உடம்பில் நீலம் பூப்பது, வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாத அளவுக்குத் தொடையில் பலவீனம், புதிதாக வந்த சர்க்கரை அல்லது இரத்த அழுத்தம்: இவற்றில் ஏதாவது இருந்தால் ஒரு மாதமெல்லாம் காத்திருக்காமல் நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் போங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு, இன்ஹேலர், மூட்டு ஊசி எது பயன்படுத்தினாலும் அவரிடம் சொல்ல வேண்டும், ஆனால் பயந்து திடீரென்று நிறுத்தக்கூடாது, அது ஆபத்து.

மறுபடி சோதனை செய்வதாக இருந்தால் மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். கருத்தடை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், நிறுத்தினாலும் அதன் தாக்கம் அடங்க ஆறு வாரம் வேண்டும். அதை எடுப்பதாக லேப் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.