தகரக் கூரை வீட்டில் ஃபேன் போட்டும் ஏன் அனல் குறைவதில்லை? குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு நாவலடியிலிருந்து வந்து, திராய்மடுவில் தற்காலிகக் கொட்டிலில் இருந்தவர்கள் நாங்கள். சுவரும் தகரம், கூரையும் தகரம். ஆகவே படித்ததைவிட வெந்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

உச்சி வெயிலில் தகரம் 60 பாகையைத் தாண்டும். அந்தச் சூடு, அடுப்புக்கு முன்னால் நிற்பதைப் போல, நேரே உடம்பில் இறங்குகிறது. ஃபேன் அதைத் தடுக்காது. காற்றே 35 பாகைக்கு மேல் போனால், தோலைவிடச் சூடான காற்றைத்தான் அது வீசும். வேர்வை காய்கிற அளவுக்குத்தான் ஆறுதல். ஆகவே காசைக் கூரையில் போடுங்கள்.

அம்மம்மா தகரத்துக்கு மேலே தடிகளைக் குறுக்கே கட்டி, ஒரு சாண் இடைவெளி விட்டுக் கிடுகு வேய்ந்தார். வெயில் கிடுகோடு நின்றுவிடும், இடையில் காற்று ஓடும். “சனம் ஓலைக் கொட்டில் எண்டு சொல்லும்” என்று அப்பா முணுமுணுத்தார். அடுத்த நாள் மத்தியானம் நல்ல நித்திரை கொண்டு எழும்பியவர், அப்புறம் வாயே திறக்கவில்லை.

கிடுகு ஒன்றிரண்டு வருடத்தில் உக்கிவிடும். குசினிப் பக்கம் போடாதீர்கள், தீப்பொறி பறக்கும். வாடைக் காற்றுக்கு முன் இறுக்கிக் கட்டவும் வேண்டும். (1978 சூறாவளியைக் கண்ட அம்மம்மா கட்டிய முடிச்சை எங்களால் அவிழ்க்கவே முடியாது.) கிடுகு கிடைக்காவிட்டால் தகரத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாம். துருப்பிடித்த தகரம் வெயிலை இன்னும் அதிகமாக வாங்கும்.

மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் அடிக்கும்போது கதை வேறு. மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, மலையிறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிற காற்று அது. யன்னலைத் திறந்தால் குளிரும் என்று வெளியூர்க்காரர் சொல்வார்கள், கேட்காதீர்கள். மேற்கு யன்னலைப் பகலில் சாத்தி வைத்து, பொழுதுபட்டதும் திறவுங்கள். ஈரச் சாக்கைத் தொங்கவிடுவதும் அப்போதுதான் பலிக்கும், காற்று காய்ந்திருப்பதால். புழுக்க காலத்தில் வீண் வேலை.

பிறகு கல்வீடு கிடைத்தது. பகலில் பரவாயில்லை, ஆனால் இரவு பத்து மணிக்கும் மேற்குச் சுவர் சுட்டது. கொட்டில் என்றால் பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும், கல் அப்படி விடாது. அந்தச் சுவருக்கு வெளியே ஒரு வேம்பு நட்டு, பக்கத்தில் பந்தல் போட்டுப் பீர்க்கு விட்டோம். வேம்பு கூரையை எட்டச் சில வருடம் ஆனது. பீர்க்கு இரண்டு மாதத்தில் சுவரை மூடிவிட்டது, கறிக்கும் காய் வந்தது.