அது வேறு விஷயமா?

அன்புள்ள சார்,

பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரூன் 2015-ல் ஆக்ஸ்போர்டுஷயர் கவுண்டி கவுன்சிலுக்கு (நம்மூர் மாவட்ட ஊராட்சி மாதிரி) எழுதிய கடிதத்தைப் பற்றிப் படித்தேன். அவருடைய சொந்தத் தொகுதி அங்கேதான். முதியோர் பகல்நேர மையங்கள், நூலகங்கள் எல்லாவற்றிலும் கைவைக்கப் போகிறீர்களாமே, வருத்தமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். நிதியை வெட்டியதே அவருடைய அரசுதான்! பரம்பரைப் பணக்காரர். நம் நாட்டிலும் 2024-ல் தேர்வான 543 மக்களவை உறுப்பினர்களில் 504 பேர் கோடீஸ்வரர்கள் என்று, வேட்பாளர்களின் சொத்துக் கணக்கைத் தொகுக்கும் ஏ.டி.ஆர். அமைப்பு சொல்கிறது. இவர்களுக்கு ஒரு திட்டத்தின் நிதியைக் குறைத்தால் கீழே என்ன நடக்கும் என்று புரியுமா? காமராஜருக்குப் புரிந்தது, அவர் வறுமையிலிருந்து வந்தவர். அமைச்சர்கள் அரசுப் பேருந்தில்தான் போக வேண்டும், பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தால் மாறுமா?

எங்கள் ஊர்ப் பாசனச் சானலில் இந்த வருஷமும் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லுக்குத் தண்ணீர், கடைவரம்பு என்கிற கடைசி வயல்கள் வரை வரவில்லை. வயலில் வாழை வைத்துவிடலாமா என்று அப்பா கேட்கிறார். அது வேறு விஷயம்.

ஒரு வாசகர், அகஸ்தீஸ்வரம் தாலுகா, கன்னியாகுமரி மாவட்டம்

*

அன்புள்ள நண்பருக்கு,

இவ்வளவு எழுதி, உருப்படியான ஒன்றைக் கடைசியில் போட்டு, அதையும் ‘வேறு விஷயம்’ என்று தள்ளிவிட்டீர்கள். லண்டன் வரை போன கண்ணுக்கு வீட்டுக்குப் பின்னால் ஓடும் சானல் தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாளாக எனக்கும் இதே நினைப்புதான். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

சில்லறையை முதலில் தீர்த்துவிடுவோம். அமைச்சர் பேருந்தில் வந்தால் முன் இருக்கையைத் துடைத்துவைப்பார்கள், அன்றைக்கு அந்த வண்டி நேரத்துக்கு வரும். மறுநாள் பழையபடிதான். அரசு ஊழியர்களும் மக்கள் பிரதிநிதிகளும் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015-லேயே உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவு போட்டது. காகிதத்தோடு நின்றது. காமராஜரையும் விட்டுவிடுங்கள். 1969 இடைத்தேர்தலில் அவரை டெல்லிக்கு அனுப்பியது நாகர்கோவில் தொகுதி, அந்தப் பெருமை நமக்கு உண்டு. அதற்காகப் பேச்சு முட்டும்போதெல்லாம் அவரைக் கூட்டிவந்து நிறுத்துவது சோம்பேறித்தனம். வறுமையிலிருந்து வந்து, வந்த வழியை மறந்தவர்களின் பட்டியலை உங்கள் பஞ்சாயத்திலேயே எடுக்கலாம்.

கேமரூன் கடிதத்தைப் பாதிதான் படித்திருக்கிறீர்கள். அதற்கு வந்த பதில்தான் முக்கியம். கவுன்சில் தலைவர் இயான் ஹட்ஸ்பெத், கேமரூனின் கட்சிக்காரரே. பிரதமர் தன் கடிதத்தில் அரசு மானியம் ‘சற்றே குறைந்திருக்கிறது’ என்று சொல்லியிருந்தார். 7.2 கோடி பவுண்டு, அதாவது 37 சதவீதம் குறைந்ததை அப்படிச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது என்று ஹட்ஸ்பெத் எழுதினார். உபரிச் சொத்தை விற்கலாமே என்ற யோசனைக்கு, ஒருமுறை வரும் காசை அன்றாடச் செலவுக்கு எடுக்கச் சட்டம் இடம் தராது என்று பதில் சொன்னார். கேமரூனின் அம்மாவே 2016-ல் அந்தக் கவுண்டியின் குழந்தைகள் மையங்களை மூடக்கூடாது என்ற மனுவில் கையெழுத்துப் போட்டார். ஒரே குடும்பம், ஒரே வசதி. அம்மாவுக்குத் தெரிந்தது, பிள்ளைக்குத் தெரியவில்லை. பணத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் இது எப்படி ஒட்டும்?

பிள்ளை பார்த்தது சராசரி. இதை உங்கள் சானலை வைத்தே சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு சானலில் வரிசையாகப் பத்து ஊர் என்று வையுங்கள். தலைப்பில் 100 பங்கு தண்ணீர் விடுகிறார்கள். ஒவ்வோர் ஊரும் 8 பங்கு எடுக்கிறது, கசிவிலும் ஆவியிலும் ஊருக்கு 2 பங்கு போகிறது. பத்தாவது ஊரில் கணக்கு நேராகிறது. இனி சானல் தூர்ந்து, 70 பங்குதான் கொள்ளும் என்று வையுங்கள். முதல் ஏழு ஊரும் எப்போதும்போல எடுத்துக்கொள்ளும். எட்டாவது ஊருக்கு ஒரு சொட்டுக் கிடையாது. ஒன்பதுக்கும் பத்துக்கும் அதேதான். கோப்பில் இது ‘30 சதவீதக் குறைவு’ என்று இருக்கும். ஆனால் அந்தப் பத்து ஊரில் 30 சதவீதக் குறைவை அனுபவித்த ஊர் ஒன்றுகூட இல்லை. ஏழு ஊருக்கு ஒன்றுமே நடக்கவில்லை, மூன்று ஊருக்கு எல்லாம் போயிற்று.

நிதி வெட்டும் இப்படித்தான் இறங்கும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றும் தலைமடைக்காரர்கள். வட்டி சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கே போகாத செலவு, அரசியல் சட்டமே அப்படி வைத்திருக்கிறது. இவர்கள் எடுத்தது போக மீதி கீழே வரும். பராமரிப்பு என்பது எப்போதும் பத்தாவது ஊர். ஆக்ஸ்போர்டுஷயரிலும் அதுதான் நடந்தது. ஆதரவற்ற குழந்தைகளின் பாதுகாப்பு, முதியோர் பராமரிப்பு எல்லாம் சட்டக் கடமை, அங்கே கைவைக்க முடியாது. கைவைக்க முடிந்ததில் ஒன்று கிராமப் பேருந்துகளுக்கான மானியம். 2016-ல் அது 37 சதவீதம் குறையவில்லை. முழுதாகவே நின்றது.

சானல் தூர்வதிலும் ஒரு சூது இருக்கிறது. 4 அடி ஆழம் தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் 1 அடி வண்டல் சேர்ந்தால் கால்வாசி குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆழம் குறையும்போது வேகமும் சேர்ந்து குறையும். அகலமான சானலில் கணக்குப் போட்டால் 38 சதவீதம் போய்விடும். (ஆக்ஸ்போர்டுஷயரின் 37-க்குப் பக்கத்தில் வந்தது தற்செயல்தான்.) அதன்மேல் ஆகாயத் தாமரையும் கோரையும் மண்டினால் உராய்வு இரட்டிப்பாகும், மிச்ச ஓட்டமும் பாதியாகும். சரி, தலைப்பில் கூடுதலாகத் திறந்துவிடலாமே என்று கேட்பீர்கள். திறந்தால் நீர்மட்டம் கரையைத் தொடும், நண்டு வளை உள்ள இடம் பார்த்து உடைப்பு எடுக்கும். அதனால் ஷட்டரைத் தாழ்த்தித்தான் வைப்பார்கள். தாழ்த்தினால் காய்வது நீங்கள்.

தூர்வாரவும் ஒரு முறை இருக்கிறது. கீழிருந்து மேலாக, கடைவரம்பிலிருந்து தலைப்பு நோக்கி வர வேண்டும். அப்போதுதான் தேங்கிய நீர் வடிந்துகொண்டே இருக்கும், தோண்டிய தரையும் கண்ணுக்குத் தெரியும். நடப்பது தலைகீழ். ஜேசிபி இறங்கப் பாதை உள்ள இடம் தலைப்புப் பக்கம், வேலை அங்கே ஆரம்பிக்கும், காசு தீரும் இடத்தில் நிற்கும். அள்ளிய சகதியைக் கரை விளிம்பிலேயே குவித்தால் முதல் மழையில் திரும்பச் சானலுக்குள் விழும். இரண்டடியாவது தள்ளிப் போட வேண்டும். பழைய அடிமட்டத்துக்குக் கீழேயும் தோண்டக்கூடாது. சானலின் தரை மடையின் வாசலைவிடத் தாழ்ந்தால், தண்ணீர் கண்முன்னே ஓடும், வயலுக்குள் ஏறாது. ஆகாயத் தாமரையை வெட்டிவிட்டால் போதாது, கரையேற்றிக் காயவைக்க வேண்டும். ஒரு துண்டு மிதந்து போனாலும் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் ஷட்டர். திருகு கம்பிக்கு வருஷம் இரண்டு தடவை கிரீஸ் வைக்க வேண்டும். எந்த பட்ஜெட்டிலும் கண்ணில் படாத செலவு. வைக்காவிட்டால் துரு ஏறும், திருகினால் நகராது, அவசரத்துக்கு யாராவது கடப்பாரையால் நெம்புவார்கள், கம்பி வளையும். அதன்பிறகு அந்த மடை மூடாது. மேலேயுள்ள ஊர் வேண்டாத தண்ணீரையும் குடித்துக்கொண்டே இருக்கும். இரவில் எந்த மடையை அடைக்க வேண்டும், எந்த ஊருக்கு இன்றைக்கு முறை என்று மனப்பாடமாக வைத்திருக்கும் லஸ்கர் (மடை திறந்து மூடும் ஊழியர்) ஓய்வுபெற்றால், அந்த இடத்தை நிரப்பாமல் விடுவதும் வெட்டுதான். கோப்பில் அதற்குப் பெயர் ‘சேமிப்பு’.

நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருவது தொகையைவிடத் தேதியைப் பற்றி. நல்ல வருஷத்தில் கன்னிப்பூவுக்குப் பேச்சிப்பாறை அணை ஜூன் முதல் தேதி திறக்கும், பிப்ரவரி கடைசியில் அடைக்கும். சானலுக்குள் இறங்கி வேலை செய்ய மார்ச், ஏப்ரல், மே என்று மூன்றே மாதம். அதில் மார்ச், பழைய நிதியாண்டின் கணக்கு முடிக்கிற மாதம். ஏப்ரலில் புது ஆண்டு பிறக்கும். மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர் (சின்ன வேலைக்கே குறைந்தது 15 நாள்), வேலை உத்தரவு. எல்லாம் ஓடினாலும் மே மாதம் பிடிக்கும், அதற்குள் கோடை மழை வரும். இதில் நிதி விடுவிப்பு ஒரு மாதம் தள்ளிப்போனால் ஒதுக்கீட்டில் ஒரு ரூபாய்கூடக் குறையாமலே வேலை செத்துப்போகும். ஓடுகிற தண்ணீருக்குள் ஜேசிபி இறங்காது.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். 2022-23 திருத்திய மதிப்பீடு 89,400 கோடி. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் 60,000 கோடி. தேவைப்பட்டால் கூடுதலாகத் தருவோம் என்றார்கள், திருத்திய மதிப்பீட்டில் 86,000 கோடி என்று ஏற்றவும் செய்தார்கள். கணக்கில் பெரிய குறை இல்லை. ஆனால் செய்த வேலைக்குக் கூலி 15 நாளில் வர வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் சட்டம். ஆண்டு நடுவில் கஜானா வற்றி, கடைசியில் நிரம்பினால், நடுவில் வேலை செய்தவர் கந்துவட்டிக்குப் போயிருப்பார். மார்ச்சில் வரும் கூலி அந்த வட்டியைத் திருப்பித் தராது.

வயலிலும் அதே கணக்குதான். நெல் ரகத்தில் அம்பை 16 போட்டால் 110 நாளுக்கு மேல், திருப்பதிசாரம் 5 போட்டால் 118 நாள். ஜூன் முதல் வாரம் விதைத்தால் செப்டம்பர் கடைசியில் அறுத்துவிடலாம். தண்ணீர் மூன்று வாரம் தாமதித்தால் அறுப்பு அக்டோபர் நடுவில், வடகிழக்கு மழையின் வாய்க்குள் போகும். கதிர் சாய்ந்து வயலிலேயே முளைக்கும். இரண்டாம் போகமான கும்பப்பூ நடவும் பின்னால் தள்ளும், பால் பிடிக்கிற நேரத்தில் அணை அடைக்கிற தேதி வந்துவிடும். மூன்று வாரத் தாமதம் இரண்டு பூவையும் தின்னும்.

இனி உங்கள் கேள்வி, பணக்காரருக்குப் புரியுமா என்பது. (எனக்கு மறக்கவில்லை, ஏறக்குறைய மறந்தது.) பேச்சிப்பாறை அணை ஏழை கட்டியதா? திருவிதாங்கூரின் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், பொறியாளர் மிஞ்சின் பொறுப்பில், 1906-ல் முடிந்த அணை. ராஜாவுக்குக் குடிகள் மேல் உருகி வழிந்த பாசம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தச் சாதி எந்தத் தெருவில் நடக்கலாம் என்று பார்த்த காலம் அது. ஆனால் நஞ்சை காய்ந்தால் நிலவரி குறையும். கடைவரம்பில் வெடித்த வயல் திருவனந்தபுரம் கஜானாவில் தெரியும். இன்றைக்கு நிலவரி மாநில வருமானத்தில் தூசு. உங்கள் அப்பா வயலைத் தரிசாகப் போட்டால் சென்னையில் எந்தக் கணக்கிலும் எதுவும் அசையாது.

அசைந்தால் கோடீஸ்வரருக்கும் புரியும். 2020 ஏப்ரலில் எம்.பி.க்களின் தொகுதி மேம்பாட்டு நிதியை, ஆண்டுக்கு 5 கோடி, இரண்டு ஆண்டுக்கு நிறுத்தினார்கள். தொகுதியில் போய் எப்படி முகம் காட்டுவது என்ற குரல் அன்றைக்கே எழுந்தது. யாரும் அவர்களைப் பேருந்தில் ஏற்றிப் பாடம் நடத்தவில்லை. அவர்களுடைய மடை அடைபட்டது, தெரிந்தது. 2021 நவம்பரில் திரும்பத் திறந்துவிட்டார்கள், அந்த ஆண்டின் மீதிக் காலத்துக்கு 2 கோடி வீதம். உங்கள் சானலைவிடச் சீக்கிரம்.

அப்பாவின் வாழைக்கு வருகிறேன். அவரைக் குறைசொல்ல மாட்டேன். வருஷத்துக்கு வருஷம் கன்னிப்பூ பொய்த்தவர் வேறு என்ன செய்வார்? ஆனால் வாழைக்கு வாய்க்கால் எடுத்து மண்ணை மேடாக்கினால், திரும்ப நெல்லுக்குச் சமப்படுத்துவது பெரிய செலவு. பக்கத்து வயலுக்குப் போகிற தண்ணீரும் மறியும், அவரும் அடுத்த வருஷம் வாழைக்கோ மனைக்கோ மாறுவார். அப்படியே ஆயக்கட்டு, அதாவது சானல் பாயும் நிலப்பரப்பு, சுருங்கும். ஆயக்கட்டு சுருங்கிய சானலுக்கு எதற்கு இவ்வளவு பராமரிப்பு என்று அடுத்த மதிப்பீட்டில் கேட்பார்கள். முடிந்தால் இந்தக் கும்பப்பூ வரை பொறுக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் வைக்கட்டும், மட்டியோ நேந்திரனோ.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். ‘ஏன் தண்ணீர் வரவில்லை’ என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் வராது, ஆவணத்துக்குத்தான் வரும். இந்த ஆண்டு தூர்வாரும் மதிப்பீடு எத்தனையாவது கிலோமீட்டரிலிருந்து எதுவரை என்று கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் அடிமட்டம் குறித்த அளவுப் புத்தகத்தின் நகல், அனுமதித்த லஸ்கர் இடங்கள் எத்தனை, ஆள் இருப்பது எத்தனை, வேலை உத்தரவின் தேதி. 30 நாளில் பதில் தர வேண்டும். அணை திறந்த தேதி பத்திரிகையிலேயே இருக்கும். அதன் பக்கத்தில் வேலை உத்தரவுத் தேதியை எழுதி எனக்கு அனுப்புங்கள். ஜேசிபி எந்த ஊரோடு நின்றது என்பதை மனுவில் கேட்க வேண்டாம், சானல்கரையில் நடந்துபோய் நீங்களே பார்த்து எழுதுங்கள்.