தெரு ஏறிவிட்டது, வீடு இறங்கிவிட்டது: என்ன செய்யலாம்?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் ஒரு கிரவுண்டில் எங்கள் வீடு, 1978-இல் அப்பா கட்டியது. அப்போது மூன்று படி ஏறி உள்ளே போவோம். இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்குகிறோம். தெருவில் எல்லாம் அடுக்குமாடி ஆகிவிட்டது. இடது பக்கத்து வீட்டை அடுத்த மாதம் இடிக்கிறார்கள். அதே பில்டர் எங்கள் வீட்டையும் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: பில்டருக்கு இப்போது பதில் சொல்ல வேண்டாம். அதைவிட அவசரம் பக்கத்து மனை.

அந்தக் கால வீடுகளில் பெரும்பாலும் பில்லர் இருக்காது. செங்கல் சுவர்தான் கூரையைத் தாங்கும். அஸ்திவார ஆழமும் குறைவு. ஒட்டிப் பள்ளம் எடுத்து மண் சரிந்தால், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். "பழைய வீடு, முன்னாடியே இருந்த விரிசல்" என்பார்கள். அதனால் இடிக்கத் தொடங்கும் முன்பே ஒரு கட்டுமானப் பொறியாளரை அழைத்து, எல்லாச் சுவர்களையும் தேதியோடு படமெடுத்து அறிக்கை வாங்குங்கள். நகலை ஒரு கடிதத்தோடு பக்கத்து மனைக்காரருக்கும் பில்டருக்கும் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பொது மதில் ஓரம் முழுநீளமும் ஒரேயடியாகத் தோண்டாமல், பகுதி பகுதியாகத் தோண்டி முட்டுக்கொடுக்கும்படி அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். புதிதாக விரிசல் வந்தால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். உடனே வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

அடுத்தது தண்ணீர். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால், ஒவ்வொரு முறையும் தெரு சில சென்டிமீட்டர் ஏறும். உங்கள் மூன்று படியை விழுங்கியது இதுதான். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். சாலை வேலை வருகிறது என்று தெரிந்ததும் தெருக்காரர்கள் சேர்ந்து மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்யுங்கள். தார் கொட்டிய பிறகு பேசிப் பயனில்லை.

மழையில் தாழ்ந்த வீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. தெருச் சாக்கடை நிரம்பினால் குளியலறை வழியாகவும் எதிர்த்து ஏறும். வீட்டுச் சாக்கடைத் தொட்டியில், வெளியே போகும் குழாயில் தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுக்கும் ஒரு 'நான் ரிட்டர்ன் வால்வு' போடச் சொல்லுங்கள். கேட்டுக்கு உள்பக்கம் தெருவைவிட அரை அடி உயரமாக ஒரு மேடு கட்டுங்கள். பக்கத்து மனை முழுக்க சிமெண்ட் ஆனதும் அந்தத் தண்ணீரும் உங்கள் பக்கம் திரும்பும். உங்கள் தோட்டத்து மண்ணை மூடிவிடாதீர்கள், மழைநீர் மண்ணுக்குள் இறங்க அங்கேயே ஒரு உறைகிணறு இறக்குங்கள். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்களே என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் பொறியாளர் சுவர்களைப் பார்த்துச் சம்மதித்தால் மட்டும்.

ஒரு மழைக்காலம் இப்படிக் கழிந்தும் சமாளிக்க முடியவில்லை என்றால், அப்புறம் பில்டரிடம் பேசுங்கள். 2019 விதிகளில் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5-இலிருந்து 2 ஆனது. உங்கள் 2400 சதுர அடி மனையில் சுமார் 4800 கட்டலாம். பில்டரும் நீங்களும் பாதிக்குப் பாதி என்றால் வீடாகக் கிடைப்பது 2400, நிலத்தில் மிஞ்சுவது பிரிக்கப்படாத பாதிப் பங்கு. ஒப்பந்தத்தில் படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களையும் சேர்க்கும் சூப்பர் பில்ட்-அப் கணக்கை ஏற்காதீர்கள், வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பான கார்பெட் ஏரியாவை எழுதச் சொல்லுங்கள். உங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் தரும் பவர் பத்திரம் கொடுத்தாலும், பில்டர் தன் பங்கை விற்பதற்கு மட்டும் கொடுங்கள்.