திரையில் திடீர்க் கோளாறு: கடைக்காரர் பொறுப்பிலிருந்து விலக முடியுமா?

கேள்வி: பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உள்ள ஒரு கடையில் ஏழு மாதங்களுக்கு முன் 1,38,000 ரூபாய் கொடுத்து, மானிட்டருடன் ஒரு கேமிங் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து வாங்கினேன். சென்ற வாரம் விளையாடிக்கொண்டிருந்தபோதே திரை முழுவதும் வண்ணக் கட்டங்களும் கோடுகளும் தோன்றின; இப்போது அடிக்கடி அப்படி ஆகிறது. கடைக்காரர் மானிட்டரில்தான் கோளாறு என்கிறார். மானிட்டர் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரோ, கம்ப்யூட்டருக்குள் இருந்து திரைக்கான படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டுதான் காரணம் என்கிறது. ‘வாரண்டி தயாரிப்பாளருடையது, கடை பொறுப்பல்ல’ என்று பில்லில் அச்சிட்டிருக்கிறார்கள். நான் வழக்குத் தொடர முடியுமா? – வாசகர், அல்சூர், பெங்களூரு.

பதில்: தொடரலாம். ஆனால் எந்தப் பாகம் பழுதாகியிருக்கிறது என்பதை, யாரும் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்பே, நீங்கள் கூடிய மட்டும் நிறுவிக்கொள்ள வேண்டும். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனித் தயாரிப்பாளரும் தனித்தனி வாரண்டியும் உண்டு. உங்களை அங்குமிங்கும் அலைக்கழிக்க அவர்களுக்கு வசதியாக இருப்பதும் அதுதான்.

முதலில் அதே மானிட்டரில் வேறொரு லேப்டாப்பை இணைத்துச் சற்று நேரம் ஓடவிடுங்கள். பிறகு உங்கள் கம்ப்யூட்டரை, வேறு கேபிள் கொண்டு, வீட்டு டி.வி.யில் இணைத்துப் பாருங்கள். லேப்டாப்பை இணைத்தபோது மானிட்டரில் படம் தெளிவாக இருந்து, டி.வி.யிலும் அதே கட்டங்கள் வந்தால், மானிட்டரின் மேல் பழி போட இடமில்லை. கோளாறு தெரியும் நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். கட்டங்கள் அந்தப் படத்திலும் பதிவாகியிருந்தால், அவை மானிட்டருக்குச் செல்லும் முன்பே உருவானவை. படத்தில் அவை இல்லை என்பதற்காக மட்டும் கார்டு நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கம்ப்யூட்டரை இயக்கியவுடன், விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் திரையிலேயே கோடுகள் தெரிந்தால், விண்டோஸும், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் காரணமல்ல, வன்பொருளில்தான் பழுது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் வருமானால், டிரைவரை முழுமையாக நீக்கி மீண்டும் நிறுவிப் பார்த்த பிறகே புகாரை எழுதுங்கள். ஓவர்கிளாக் செய்திருந்தால், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடும்படி மாற்றியிருந்தால், ஆரம்ப அமைப்புக்கே திருப்பிவிட்டுச் சோதியுங்கள். இல்லையென்றால் தவறான பயன்பாடு என்ற வாதத்துக்கு நீங்களே இடம் கொடுத்ததாகும்.

இவை அனைத்தையும் இடைவெட்டில்லாமல் கைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். அதை நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், 2023இன் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழையும் இணைத்துவிடுவது பாதுகாப்பானது. கார்டின் ஸ்டிக்கரைக் கிழிக்கவோ திருகாணிகளைக் கழற்றவோ வேண்டாம்.

இனி பில்லில் உள்ள வாசகத்துக்கு வருவோம். அது கடைக்காரரைக் காப்பாற்றிவிடாது என்பதே என் கருத்து. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 2(10)ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ உள்ள ஒப்பந்தப்படி பேணப்பட வேண்டிய தரத்தில் ஏற்படும் எந்தக் குறையையும் பொருளின் குறைபாடு என்கிறது. பாகங்களைத் தேர்ந்து, பொருத்தி, ஒரே பில்லில் விலை பெற்றுக்கொண்டவர் கடைக்காரர், ஒப்பந்தம் அவரோடுதான். தயாரிப்பாளரின் வாரண்டி உங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த உரிமையே அன்றி, கடைக்காரருக்கான விடுதலைப் பத்திரம் அல்ல. ஆகவே கடை, பழுதான பாகத்தின் தயாரிப்பாளர் ஆகிய இருவரையுமே எதிர்த்தரப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் சோதனை முடிவுகளை விவரித்து, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, இருவருக்கும் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். பல பிரச்சினைகள் அந்த நிலையிலேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்ய 34ஆம் பிரிவு இடமளிக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். பழுதை நீக்குதல், புதிய பொருள், பணத்தைத் திருப்பித் தருதல், இழப்பீடு ஆகிய நிவாரணங்களை ஒன்றுக்கு மாற்றாக ஒன்று என்ற முறையில் கேளுங்கள். எதிர்த்தரப்பினர் பழுதை மறுத்தால், 38(2)(c) பிரிவின்படி பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம். அதற்கான கட்டணத்தை உங்களைச் செலுத்தச் சொல்லக்கூடும். வழக்குமூலம் (வழக்குக்கான காரணம்) எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்தாக வேண்டும் என்பது 69ஆம் பிரிவு.

அந்தக் கம்ப்யூட்டரில் வீடியோ தயாரித்து நீங்கள் வருமானம் ஈட்டினால், வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்ற ஆட்சேபம் வரலாம். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே வாங்கிய பொருள் அந்த விலக்குக்குள் வராது என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. அப்படியானால் அதை மனுவிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கார்டை யாரிடம் ஒப்படைத்தாலும் வரிசை எண்ணும், வெளித்தோற்றத்தில் சேதம் ஏதுமில்லை என்ற குறிப்பும் கொண்ட ரசீதை வாங்காமல் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் அதன் இரு பக்கங்களையும் படமெடுங்கள். ‘உடைந்திருக்கிறது, வாரண்டி கிடையாது’ என்று பின்னால் திருப்பியனுப்பும்போது, அப்போது உடைந்திருக்கவில்லை என்று காட்ட அந்த ரசீதும் படங்களும்தான் உங்கள் கையில் இருக்கும். கடைக்காரரோடு தமிழில் நடந்த வாட்ஸப் உரையாடல்கள் இருந்தால், அவற்றின் ஆங்கில அல்லது கன்னட மொழிபெயர்ப்பையும் மனுவோடு சேர்த்துவிடுங்கள்.