ஒரே 'செக்', ஊர்ப்பட்ட அர்த்தம்

கேள்வி: ஹூஸ்டனில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம். 'செக்' என்ற சொல்லுக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது. கூட வேலை பார்க்கும் மெக்சிகோ நண்பருக்கும் இதே குழப்பம். யாராவது விளக்குங்களேன்.

பதில்: தம்பி, அந்த நண்பரையே அகராதியாக வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பதும் காசோலையும் நமக்கு ஒரே 'செக்'. ஸ்பானிஷில் 'ரெவிசார்', 'சேக்கே' என்று தனித்தனிச் சொல். மற்ற அர்த்தங்களுக்கும் அப்படித்தான்.

ஓட்டலில் 'செக்' என்றால் பில். அவருக்கு 'லா குவென்டா'. (அமெரிக்காவில் 'பில்' என்பது டாலர் நோட்டும்கூட!) பெரிய கூட்டமாகப் போனால் சில ஓட்டல்களில் டிப்ஸையும் அதிலேயே சேர்த்துவிடுவார்கள். பார்க்காமல் மறுபடி 20 சதவீதம் எழுதிவிடாதீர்கள்.

ஏர்போர்ட்டில் 'பேக் செக் பண்ணணுமா?' என்று கேட்டால் திறந்து பார்க்கப்போவதில்லை. விமானத்தின் அடியில் ஏற்ற ஒப்படைக்கிறீர்களா என்பதே கேள்வி. மெக்சிகோவில் 'தொகுமென்தார்', ஸ்பெயினில் 'ஃபக்துரார்'. ஒப்படைத்தால் கட்டணம் வரலாம். பவர் பேங்கை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள், அது கைப்பையில்தான் போகவேண்டும்.

வங்கியில் 'செக்கிங்' என்பது சம்பளம் விழுந்து, வாடகை போகும் அன்றாடக் கணக்கு. சம்பளத்தை நேரே அந்தக் கணக்கில் போட ஆபீசில் 'வாய்ட் செக்', அதாவது செல்லாததாக்கிய காசோலை கேட்பார்கள். ஒரு காசோலையின் குறுக்கே 'வாய்ட்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, கையெழுத்துப் போடாமல் கொடுங்கள். அடியில் அச்சிட்ட, எந்த வங்கி என்று காட்டும் 9 இலக்க ரூட்டிங் எண்ணும் கணக்கு எண்ணும்தான் அவர்களுக்கு வேண்டும். நிஜமாகவே காசோலை எழுதும்போது மாதம் முதலில் வரும்: 3/4 என்றால் மார்ச் 4. வரப்போகும் தேதியைப் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது; நம் ஊர் மாதிரி இல்லை, அதற்கு முன்பே இங்கே வங்கி பணத்தைக் கொடுத்துவிடலாம்.

ஆபத்தானது படிவத்தில் வரும் செக். அது சரிபார்ப்பதல்ல, டிக் போடுவது. மெக்சிகோவில் அந்தக் குறிக்குப் 'பலொமிதா', குட்டிப் புறா என்று பெயர். வேலைக்குச் சேரும்போது தரும் ஐ-9 படிவத்தில், நீங்கள் அமெரிக்கக் குடிமகனா வேறா என்று கேட்கும் நான்கு பெட்டிகளில் ஒன்றில் மட்டும் போடவேண்டும். அவசரத்தில் 'குடிமகன்' பெட்டியில் போட்டுவிட்டால் பின்னால் கிரீன் கார்டுக்கே வினையாகும்.

சதுரங்கச் செக்கோ உங்கள் இருவருக்கும் சொந்தம். ஆங்கிலச் 'செக்', ஸ்பானிஷ் 'ஹாக்கே' இரண்டும் பாரசீக 'ஷா'விலிருந்து, அதாவது அரசனிலிருந்து வந்தவை. நம் அரசியல்வாதிகள் ஒருவருக்கொருவர் 'செக்' வைப்பதும் அதே செக்தான்.

நீங்கள் சாப்பிடக் கூப்பிட்டு, சக ஊழியர் 'ரெயின் செக்' என்றால் மழையைத் தேடாதீர்கள். இன்று முடியாது, இன்னொரு நாள் பார்ப்போம் என்கிறார்.