மசாலாப் பால் தேநீர்: இஞ்சி சேர்த்தால் பால் திரைவது ஏன்?

கேள்வி: இந்தியச் சமையல் காணொளிகளில் காட்டுவது போல, பால், தேயிலை, இஞ்சி, ஏலக்காய், கறுவா எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் இட்டுக் கொதிக்க வைக்கிறேன். சில நாள்களில் பால் திரைந்துவிடுகிறது. திரையாத நாள்களில் தேநீர் கசக்கிறது. கறுவாவின் மணமும் தெரிவதில்லை. பசும்பாலுக்குப் பதிலாகப் பால்மா பாவிக்கலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதியம் ஒன்று உள்ளது. அது பாலின் புரதத்தைத் தாக்குவதால்தான் பால் திரைகிறது. நன்றாகக் கொதித்தால் அந்த நொதியம் செயலிழந்துவிடும் என்பதால், இஞ்சி முதலில் தண்ணீரில் கொதிக்க வேண்டும். பால் அதன் பின்னரே சேர வேண்டும்.

கசப்புக்குக் காரணம் வேறு. அந்தக் காணொளிகளில் பெரும்பாலும் பாவிக்கப்படுவது, பாலோடு சேர்த்துக் கொதிக்க வைப்பதற்கு ஏற்ற, குருணை போன்ற அசாம் தேயிலை. நம் இலங்கைக் கடைகளில் கிடைப்பதோ பெரும்பாலும் பழைய முறையில் உருட்டிப் பதப்படுத்திய இலை. அதை நெடுநேரம் கொதிக்க விட்டால் துவர்ப்பும் கசப்புமே மிஞ்சும். எனவே நமது தேயிலையைக் கொதிக்க வைக்காமல், ஊற வைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இரண்டு கோப்பைக்கு 300 மில்லிலீற்றர் தண்ணீரில், தட்டிய சிறு துண்டு இஞ்சி, விரல் நீளக் கறுவா, ஒரேயொரு கராம்பு ஆகியவற்றை இட்டு, மணம் ஆவியோடு போய்விடாதபடி மூடி, சிறு தீயில் 7 அல்லது 8 நிமிடங்கள் கொதிக்க விடுங்கள். கறுவா மரப்பட்டை என்பதால் அதன் சாரம் மெதுவாகவே இறங்கும். உங்கள் தேநீரில் அதன் மணம் தெரியாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். புறக்கோட்டையில் வாங்கும்போது, மெல்லிய பட்டைகள் பல அடுக்காகச் சுருண்டிருக்கும் நம் நாட்டுக் கறுவாவையே கேட்டு வாங்குங்கள். தடித்து ஒற்றைச் சுருளாக இருப்பது வேறு இனம். அடுப்பை அணைத்ததும், அப்போதே தட்டிய மூன்று ஏலக்காயையும் இரண்டு தேக்கரண்டி தேயிலையையும் இட்டு, மூடி, 4 நிமிடங்களில் வடித்துவிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றர் உயரத்துக்குக் கீழே விளையும் றுகுணு, சப்ரகமுவத் தேயிலைகளின் சாயம் அடர்த்தியானது. பாலையும் மசாலாவையும் அது தாங்கும். நுவரெலியாத் தேயிலையின் மென்மையான நறுமணத்தை இவற்றுக்குள் புதைப்பது பெரும் வீண். அதைப் பாலில்லாமல் அருந்துங்கள்.

பால்மா தாராளமாகப் பாவிக்கலாம். ஏறக்குறைய 20 கிராம் பால்மாவை 150 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் கட்டியில்லாமல் கரைத்து, வடித்த தேநீரில் ஊற்றி, கொதிக்க விடாமல் சூடாக்கினால் போதும். பசும்பால் என்றால் தனியே காய்ச்சிச் சேருங்கள்.

கேள்வி: சீனிக்குப் பதிலாகக் கித்துள் (கூந்தற்பனை) கருப்பட்டி இட்டால் பால் திரைகிறதே?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கருப்பட்டியில் உள்ள இலேசான புளிப்புத்தன்மை, கொதிக்கும் பாலைத் திரையச் செய்யும். தேநீரைக் கோப்பையில் ஊற்றிச் சற்று ஆறிய பின் சீவிய கருப்பட்டியைக் கலக்குங்கள், அல்லது நம் வீடுகளில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது போலவே இதையும் கடித்துக்கொள்ளுங்கள். கித்துளுக்கு அழுத்தமான தனி மணம் உண்டு என்பதால், அன்றைக்குக் கராம்பை விட்டுவிடுவது நல்லது.